தோட்டத்து மணியும் நாட்டின் கடிகாரமும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் எழுந்த தொடக்க காலத்தில், கடிகாரம் லயத்து வீடுகளில் அரிய பொருள். அது கிராணியின் ஆபீசில் தொங்கிற்று. தொழிலாளர் அறிந்த நேரம் விடியுமுன் ஒலித்த மணியே. மணி இல்லாத இடத்தில், கட்டித் தொங்கவிட்ட இரும்புத் துண்டு அவ்வேலையைச் செய்தது. அவ்வோசை கேட்டதும் பெரட்டுக் களத்திற்கு ஓடவேண்டும். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு எனத் திரிந்தது என்பர். அங்கே பேர் பதியாதவனுக்கு அன்றைய நாட்கூலி ஐயத்திற்குரியதே.

விடியுமுன் ஏன் எழுப்பினர்? இதனைத் துரைமாரின் கொடுமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இரவில் இலைகள் நீரை மிகுதியாக வெளியிடுவதில்லை. ஆதலின் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து, வடிதலும் விரைவில் நின்றுவிடும். ஆகவே பால்வெட்டு, கடிகாரத்திற்கன்றிக் கதிரவனுக்குக் கட்டுப்பட்ட தொழிலாயிற்று.

நாட்டின் கடிகாரமோ ஓரிடத்தில் நிற்கவில்லை. கோல சிலாங்கூரின் இயற்கையான நேரம், கிரீனிச் நேரத்திற்கு ஏறத்தாழ 6 மணி 45 நிமிடம் முந்தியது. 1905-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் 7 மணி என்பது சட்டபூர்வமாயிற்று. 1933-இல், அலுவலகம் முடிந்தபின் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிட்டும்பொருட்டு மேலும் 20 நிமிடம் முன்தள்ளப்பட்டது. மாலையில் பந்தாடுவோர்க்கு இது நன்மையே. விடியுமுன் எழுந்தவனுக்கு அதனால் விளைந்த நன்மை யாது?

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற இயக்கம் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, 10 முதல் 12 மணி நேரம் வரை நீளும் வேலைநாளை ஒழித்தல். மே மாதம் நாதன் கைதானார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அரசு நேரத்தை மாற்றியது உண்மையே. ஆனால் வேலை நேரத்தையன்று, கடிகாரத்தை. அது மேலும் 10 நிமிடம் முன்சென்று 7 மணி 30 நிமிடமாயிற்று.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 பிப்ரவரி முதல், தோக்கியோ நேரம் விதிக்கப்பட்டது. கதிரவனுக்கும் கடிகாரத்திற்கும் இடைவெளி இரண்டேகால் மணி. காலை 8 மணி கடந்த பின்னரே பொழுது புலர்ந்தது! 1945-இல் பழைய நேரம் மீண்டது. 1981 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு 11.30 மணியே 12 மணியாக மாற்றப்பட்டு, தீபகற்பம் சபா, சரவாக்குடன் ஒரே நேரத்திற்கு வந்தது. சிங்கப்பூரும் உடன் மாறியது.

இந்த மாற்றங்களைக் கணிப்பொறிகள் இன்றும் மறக்கவில்லை. அவற்றுள் பலவற்றின் இயங்குதளம் 1970 ஜனவரி முதல் நாள் கிரீனிச் நள்ளிரவு தொட்டு நொடிகளை எண்ணுகிறது. குறித்த எண்ணை எட்டியதும் அழைப்பொலி எழுப்புகிறது. அவ்வெண்ணை ஊர் நேரமாக்க, உலக நேர மாற்றங்களின் அட்டவணை ஒன்று துணையாகிறது. நம் நாட்டின் 7 மணி 20 நிமிடமும், தோக்கியோ நேரமும் அதில் வரிசையாக உள்ளன. எண்ணிக்கை தொடங்கிய அந்நொடியில் கோல சிலாங்கூரில் காலை மணி 7.30. இன்றுள்ள கணக்கை அப்படியே பின்னோக்கி வைத்தால் 8 மணி என்று பிழையாகக் காட்டும்.

தோட்டத்து மணியை ஓயச் செய்தது மற்றொரு மரம். பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் ஆன்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்ற நாவலாசிரியரும் அவரே. செம்பனைக் குலை பாலைப்போல் விடியலுக்குக் காத்திருப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தே வெட்டவேண்டும். ரப்பர் அழிந்து செம்பனை எழுந்த தோட்டங்களில் இருட்டில் மணியடிக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.