நெக்கார் நதிக்கரையில் இக்பால்

அல்லாமா இக்பால் என்றதும் நமது ஊர்களில் நினைவுக்கு வருவது முழக்கம். கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ மீலாத் மேடையொன்றில் அவர் பெயர் எடுக்கப்பட்டால், உறங்கும் சமுதாயத்தைத் தட்டியெழுப்புவதற்காகவே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை 'இக்பால் இதயம்' தந்த நாளிலிருந்தே கிழக்கிலங்கைக்கு அவர் நெருங்கிய உறவினர்போல. ஆனால் அந்த உறவினர் தமது முப்பதாவது வயதை நெருங்கிய வேளையில், மலையடி நகரமொன்றில் குரலை அடக்கி, மாணவனாய் உலாவிய சில மாதங்களை நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அந்த நகரத்துக்குக் கால்நடையாகப் போய்வருவோம், செலவில்லாத பயணம்.

ஜேர்மனியின் தென்மேற்கில், நெக்கார் நதி மலைகளை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாயிலில் இருக்கிறது ஹைடல்பேர்க். தென்புறம் 567 மீற்றர் உயரமான கோனிக்ஸ்டூல் மலை. வடபுறம் இன்னொரு மலை. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில், நீட்டிப்போட்ட பாய்போலக் கிடக்கிறது பழைய நகரம். அதன் நடுவே ஓடும் ஒரே நெடுந்தெருவில் நடந்தால் பல்கலைக்கழகம் வரும். 1386இல் தொடங்கப்பட்டது, இன்றைய ஜேர்மனியில் அதனிலும் மூத்தது வேறில்லை.

தெருவை விட்டு மேலே ஏறினால் கோட்டை, செங்கல்லல்ல, செந்நிற மணற்கல். 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் அதைத் தகர்த்தன. எஞ்சியதைத் திருத்திக்கொண்டிருந்தபோது 1764இல் இடி விழுந்தது. அதன்பின் அப்படியே விட்டுவிட்டார்கள். பாழடைந்த பின்புதான் கோட்டைக்குப் புகழ் வந்தது என்பது வேடிக்கை. ஓவியர்களும் கவிஞர்களும் தேடிவந்தது அந்தப் பாழைத்தான்.

வந்தவர்களில் ஒருவர் மகாகவி கோதே. பாரசீகக் கவி ஹாபிஸை ஜேர்மன் மொழிபெயர்ப்பில் படித்து மயங்கியிருந்த காலம் அது. 1815 செப்டெம்பரில் இந்தக் கோட்டைத் தோட்டத்தில் மரியானே என்ற பெண்ணோடு உலாவினார். அதுவே அவர்களின் கடைசிச் சந்திப்பு. 1819இல் வெளியான அவரது 'மேற்கு–கிழக்குத் திவானில்' சுலைகாவாக வருபவர் அவரே. அதிலுள்ள கவிதைகளில் சிலவற்றை எழுதியவரும் அந்தப் பெண்தான் என்பது, இருவரும் மறைந்த பிறகே உலகுக்குத் தெரியவந்தது.

இனி ஆற்றுக்கு இறங்குவோம். 1788இல் கட்டிய கற்பாலம் இது. 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜேர்மன் படையினரே இதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னர் திருத்திக் கட்டப்பட்டது. பாலம் கடந்தால் வடகரை. அங்கே நொய்யன்ஹைமர் லாண்ட்ஸ்ட்ராஸே என்ற தெருவில் 58ஆம் இலக்க வீடு. 1907இல் இக்பால் இங்கு வாழ்ந்தார் என்று அதன் சுவரில் ஒரு பலகை சொல்கிறது.

இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துக்கொண்டிருந்தவர் இங்கு வந்த காரணம் எளியது. பாரசீகத்தில் மெய்யியல் வளர்ந்த வரலாறு பற்றிய ஆய்வை மியூனிக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜேர்மன் மொழி வேண்டும். கற்பித்தவர் எம்மா வேகெனாஸ்ட், ஹைல்பிறோன் ஊர்ப் பெண். இக்பாலைவிட இரண்டு வயது இளையவர். பாடப் புத்தகமாகக் கோதேயின் 'பௌஸ்ட்' இருந்தது. அந்த ஓகஸ்டில் அங்கு சென்ற அதியா பைஸி என்ற அறிஞர் பெண்மணி, ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாய் உலாவியும் ஓடம் விட்டும் கற்ற சூழலைப் பதிந்து வைத்திருக்கிறார். 1907 நவம்பர் 4இல் மியூனிக்கில் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. 1923இல் கோதேயின் திவானுக்குப் பதிலாக 'பயாமே மஷ்ரிக்' என்ற பாரசீக நூலை இக்பால் வெளியிட்டபோது, அந்தப் பதிலின் வேர் இந்தக் கரையில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த நதியைப் பற்றி அவர் உருதுவில் ஒரு கவிதை எழுதினார். 'ஒரு மாலை' என்பது தலைப்பு, ஏழே ஈரடிகள். நிலவு, மரம், பறவை, மலை, நதியின் ஓட்டம் என ஒவ்வொன்றாய் அதில் அடங்குகின்றன. விண்மீன்களைப் பயணக் கூட்டமாகக் காண்கிறார், ஆனால் மணியோசை இல்லாத கூட்டம். நமது முன்னோர் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குத் தவளமாடுகளை ஓட்டிச் சென்றதை அறிந்தவர்களுக்கு, கழுத்துமணி இல்லாமல் தவளம் போவது எவ்வளவு விசித்திரம் என்பது விளங்கும்.

இந்தக் கவிதை இடம்பெற்ற தொகுதியின் பெயர்தான் முக்கியம். 1924இல் வெளிவந்த 'பாங்கே தரா', அதாவது பயணக் கூட்டத்தின் மணியோசை. நூல் முழுவதும் அடிக்கும் மணி, நெக்கார் கரையில் மட்டும் அடிக்கவில்லை. அந்த மௌனமும் இக்பால்தான். முழக்கத்தை மட்டும் மேடையேற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது பாதி இக்பால்.

1969இல் ஹைடல்பேர்க் நகரம் ஆற்றங்கரையின் ஒரு பகுதிக்கு 'இக்பால் கரை' என்று பெயரிட்டது. வாகனங்கள் ஓயாது இரையும் சாலை அது! அருகே கவிதையின் ஜேர்மன் மொழிபெயர்ப்பைக் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இக்பால் எம்மாவுக்குக் கடிதம் எழுதினார், ஆரம்பத்தில் தட்டுத்தடுமாறிய ஜேர்மன் மொழியில், பிறகு ஆங்கிலத்தில். 1931இல் இரண்டாவது வட்டமேசை மகாநாட்டுக்காக இலண்டன் வந்தபோது ஹைடல்பேர்க் போக ஆசைப்பட்டார். ஆனால் டிசெம்பரில் ஜெரூசலத்தில் முஸ்லிம் மகாநாடு. ரோமாபுரி வழியாக அங்கே போய்விட்டார். 1938இல் அவர் காலமானார். கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து கையளித்த எம்மா 1964இல் மறைந்தார். அந்த 58ஆம் இலக்க வீட்டில் பலகை பதித்தது 1966இல்.