விளையாட்டு வீரர்களின் தோள்பட்டை எலும்பு வலியும் சிகிச்சையும்

முதுகின் மேற்பகுதியில் முக்கோணத் தகடுபோல் கிடக்கும் தோள்பட்டை எலும்பை உடற்கூட்டோடு பிணைக்கும் எலும்புப் பாலம் காறையெலும்பு ஒன்றுதான். மற்றபடி அதை விலாக்கூட்டின்மேல் இழுத்துப் பிடித்து நிறுத்துபவை தசைகளே. 17 தசைகள் அதில் வந்து சேர்கின்றன. கையை 180 பாகை உயர்த்தினால் ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டிலும் மீதி 60 இந்த எலும்பின் சுழற்சியிலும் கிடைக்கிறது. வேகப்பந்து வீச்சாளர், வாலிபால் ஆட்டக்காரர், நீச்சல் வீரர் என்று கையைத் தலைக்கு மேல் வீசுகிற எவருக்கும் அந்த 60 பாகை பிசகினால், சுமை தோளின் தசைநாண்கள்மீது ஏறுகிறது. ஆகவே எலும்பு முறிவும் நரம்புச் சேதமும் இல்லை என்று உறுதியானபின், வலிக்கிற புள்ளியில் ஊசி போடுவதைவிட எலும்பை நகர்த்தும் தசைகளைச் சீராக்குவதே முதல் சிகிச்சையாக வேண்டும்.

இந்தப் பார்வைக்கு விளையாட்டு மருத்துவத்தில் வலுச் சேர்த்தவர் அமெரிக்க மருத்துவர் பென் கிப்ளர். அவருடைய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. சட்டையைக் கழற்றி, கையில் சிறு எடையோடு முன்பக்கம் உயர்த்தி மெல்ல இறக்கச் சொல்வார்கள். ஏறும்போது ஒழுங்காயிருந்த எலும்பின் உள்விளிம்பு, இறங்கும்போது முதுகைவிட்டுப் பெயர்ந்து துருத்தினால், அதை விலாவோடு அணைக்கும் செரேட்டஸ் தசை தளர்ந்திருக்கலாம். தண்டால் எடுத்து மேலே வந்தபின், முழங்கை மடங்காமல் தரையை இன்னுமொரு தள்ளு தள்ளுவது அதற்கான பயிற்சி. நெஞ்சுத் தசை இறுகியிருந்தால் கதவு நிலையில் கையூன்றி விரிப்பார்கள். டென்னிஸ் சர்வீஸின் விசையில் ஏறத்தாழப் பாதி காலிலும் இடுப்பிலும் பிறப்பதால், தோளை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பது அரைவைத்தியம்.

வலியே இல்லாத வீரர்களிடமும் இந்தப் பிசகு தென்படுகிறதே என்பது நியாயமான மறுப்பு. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோள்வலி இல்லாத 78 நீச்சல் வீரர்களில் பயிற்சியின் முதல் கால்பகுதி முடிவில் 37 சதவீதத்தினருக்குத் தெரிந்த பிசகு, முடியும்போது 82 சதவீதத்தினரிடம் தெரிந்தது. வெறும் களைப்பே எலும்பைத் தள்ளாட வைக்கும் என்பதால், துருத்தலைக் கண்டவுடன் நோய்ப்பெயர் சூட்டுவது தவறுதான். இங்கே உதவுவது இன்னொரு சோதனை: வீரர் கையை உயர்த்தும்போது எலும்பின் கீழ்முனையை மருத்துவர் உள்ளங்கையால் மேலும் வெளியேயும் தள்ளிக் கொடுப்பார். அப்போது வலி குறைந்தால், எலும்பின் அசைவுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டென்று கொள்ளலாம். குறையாவிட்டால் கழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கு அழுந்தும் நரம்பு எலும்பின் உள்விளிம்பில் வலியாகத் தெரிவது சகஜம். அறுவை விரைவாகத் தீர்க்காதா என்பார்கள். தோள்முகட்டின் அடியை இழைத்து இடம் விடும் அறுவை, வெறுமனே கருவி நுழைத்துப் பார்த்ததைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று 2018-ல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றோர் பொது நோயாளிகள், வீரர்கள் அல்லர். ஆனாலும் கத்திக்கு அவசரப்படாதிருக்க அது போதும்.

விதிவிலக்குகள் உண்டு. செரேட்டஸுக்குச் செல்லும் நீள்மார்பு நரம்பு பாதிக்கப்பட்டால் எலும்பு சிறகுபோல் எழும்பும். பெரும்பாலும் தானே தேறும், ஆனால் ஓரிரு ஆண்டு பிடிக்கலாம். கை அசையும்போது எலும்புக்கடியில் நறநறவென்று ஒலித்தாலும் வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். வலித்து, சில மாதப் பயிற்சிக்கும் அடங்காவிட்டால்தான் அங்குள்ள திரவப்பையில் ஸ்டீராய்டு ஊசி. அதையும் ஸ்கேன் பார்த்துப் போடுவது நல்லது, ஏனெனில் விலாவுக்கு அப்பால் உடனே நுரையீரல்.