வியாகுலப் பிரசங்கம் பிறந்த கதை

கோமாரியிலிருந்து மட்டக்களப்பு வரை எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர். பழைய கத்தோலிக்கச் சனங்களிடம் அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: சுவாமியார் இல்லாத ஊரில் செபம் சொல்லிக்கொடுப்பவர். தவக்காலத்தில் துயர ராகத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அந்த அண்ணாவிமாரின் குரலுக்காகவே பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், குருவுக்கு இடம் கொடுத்தால் தண்டனை. ஏறக்குறைய 30 ஆண்டு அங்கே பூசை இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டார். ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று சொல்வார்கள். தேறியதும் கழுத்தில் செபமாலை தெரிய, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறியதோ, அந்த வீடே அவருக்குக் கோயில். பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்கு அரணானது.

1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சிறைவைத்தார்கள். 1697இல் நகரில் அம்மை பரவியபோது உறவுகளே நோயாளிகளைக் கைவிட்டார்கள். அவரும் மருமகன் யோசேப் கர்வாலோ அடிகளும் சாதி மதம் பாராமல் அவர்களைக் கழுவினார்கள், சோறூட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் தயவு அதற்குப் பிறகு உறுதியானது. கண்டி அரசின் இந்த இரக்கம் எங்கள் கரைக்குப் புதிதல்ல. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில்தான் குடியேற்றினான். கத்தோலிக்கர் விரட்டிய முஸ்லிம்களுக்கும், ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கருக்கும் நிழல் தந்தது ஒரே அரண்மனை.

தீவு முழுவதற்கும் கைவிரலால் எண்ணக்கூடிய குருமார்தான். ஆகவே யோசேவாஸ் அடிகள் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். அவர் வருகிற நாள் ஆண்டில் ஒன்றிரண்டு. மற்ற நாட்களில் சபை அவர்கள் கையில். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்; வாசிக்க ஏடு வேண்டுமே!

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளிடம் மொழிகளைப் படிக்கும் வேலையை யோசேவாஸ் ஒப்படைத்தார். பிறப்பால் கோவாக்காரர், ஆனாலும் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்றார்கள். இயேசுவின் பாடுகளையும் தாயின் துயரத்தையும் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியது. ஒல்லாந்தரிடம் கொழும்பில் அச்சகம் வந்தபோதும் இவர்களிடம் ஓலையும் எழுத்தாணியும்தான். பிரதி எடுக்க ஆட்களை வைத்து எழுதுவித்து ஊர் ஊராக அனுப்பினார்.

யோசேவாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியில் கண்மூடினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் தேடிவைத்த அண்ணாவிமாரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் பெரிய வெள்ளியன்று ஒருவர் எழுந்து, மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகையை இழுத்து வாசிக்கும்போது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்களுக்கு அந்தக் குரல் தெரியும்.