மணப்பெண்ணுக்கு வேர்த்தா யார் விசிறினாங்க?

கல்யாணச் செலவு பத்தி நிறைய பேர் எழுதுறாங்க, சீர்வரிசை பத்தி எழுதுறாங்க. அன்னைக்கு முழுக்க அந்த மேடையில இருக்கிற ரெண்டு பேரோட உடம்பு என்ன பாடுபடுதுன்னு யாரும் எழுதிப் பாத்ததில்ல. இது இன்னைக்கு நேத்து வந்த பாடு இல்லை. ரெண்டாயிரம் வருசத்துக் கதை.

எங்க ஊர் நூலகத்துல அகநானூறு உரையோட இருக்கு. அதுல கல்யாணத்தை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டுவர்ற பாட்டு ரெண்டு. ஒண்ணு 86-ஆவது, நல்லாவூர் கிழார் பாடினது. வரிசையா கால் நட்ட பெரிய பந்தல், உள்ளே குளுகுளுன்னு இருக்கு, கொண்டுவந்து பரப்பின மணல், விளக்கு, மாலை, உளுந்து போட்ட பொங்கல். பிள்ளை பெத்த நாலு பொம்பளைங்க சேர்ந்து பொண்ணுக்கு நீர் ஊத்தி வாழ்த்துறாங்க. இதெல்லாம் நடக்குற நேரம் இருட்டு விலகுற விடியக்காலை. இன்னொண்ணு 136-ஆவது, விற்றூற்று மூதெயினனார் பாடினது. அதுல கறிச்சோறும் நெய்யும் உண்டு (கல்யாணத்துல கறி போட்டா குத்தம்னு சொல்றவங்க இதைப் படிக்கணும்). மழை பேஞ்ச மாதிரி மணல் பரப்பின பந்தல் இதுலயும் இருக்கு.

எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சதுக்குக் காரணம் வேற. நகை போட்டதால பொண்ணுக்கு வேர்த்துக் கொட்டுது. சொந்தக்காரங்க அந்த வேர்வையை ஆத்தி, மாப்பிள்ளைகிட்ட விடுறாங்க. அவ புதுச்சேலையால உடம்பு முழுக்கப் போத்திக்கிட்டு இருக்கா. மாப்பிள்ளை சொல்றான்: ரொம்பப் புழுங்குது, உன் நெத்தியில வேர்வை துளித்துளியா நிக்குது, காத்துப் பட்டு ஆறட்டும், கொஞ்சம் திறந்துக்கோ. உரை எழுதினவங்க இதைக் காதல் பேச்சுன்னு சொல்லுவாங்க. இருக்கட்டும். ஆனா பொண்ணுக்குப் புழுங்குதுன்னு ஒருத்தன் கவனிச்சிருக்கான், அது எழுத்துலயும் ஏறியிருக்கு. அதுதான் எனக்குப் பெருசு.

அந்தப் பாட்டுல இருக்கிற பந்தலும் மணலும் விடியக்காலையும் எங்க பக்கம் நான் சின்னப் பையனா இருந்த வரைக்கும் அப்படியே இருந்துச்சு. சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்ததும் தை மாசம் கல்யாணம். கையில காசும் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வாசல் அடைச்சுத் தென்னங்கீத்துப் பந்தல். கீத்து சூட்டை உள்ளே விடாது, ஓமப்புகையும் இடுக்கு வழியா வெளியே போயிடும். தகரத்துக்கும் சாமியானாவுக்கும் இந்தக் குணம் கிடையாது. தரையில ஆத்து மணல் கொட்டி, முதல்நாள் சாயங்காலம் தண்ணி தெளிச்சு வைப்பாங்க. அதுமேல பாயைப் போட்டு உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது. வாசல்ல சந்தனம், பன்னீர்ச் சொம்பு. வர்றவங்களுக்குப் பானகம், நீர்மோர், கையில ஒரு பனையோலை விசிறி. சந்தனம், பன்னீர் எல்லாம் மங்கலம்னு சொன்னாலும், வண்டியில வெயில்ல வந்தவன் உடம்பைக் குளிர வைக்கிற வேலையும் அதுல இருக்கு.

இத்தனையும் யாருக்கு? வந்த ஜனத்துக்கு. பொண்ணுக்கு என்ன கிடைச்சுதுன்னு எங்க அப்பாயிதான் சொல்லும். அதுக்குக் கல்யாணம் ஆனப்ப பதினாலு வயசு. மாப்பிள்ளை வீட்டுலதான் கல்யாணம், முதல்நாளே வில்வண்டியில கூட்டிட்டு வந்திருக்காங்க. "தண்ணி குடிக்காதடின்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு"ன்னு சொல்லும். ஏன்னா புது ஊர்ல ஒதுங்க இடம் எதுன்னு தெரியாது, யாருகிட்ட கேக்குறதுன்னும் தெரியாது. இருட்டினப்பறம் நாத்தனார்மார் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. தாலி ஏறுற வரைக்கும் விரதம் வேற. அப்பறம் பாலும் பழமும் ஒரு வாய். நலங்கு, விளையாட்டு, மறுவீடுன்னு மூணு நாலு நாள் இதே கதை. தலை குனிஞ்சே இருந்ததுல கழுத்து வலிச்சது மட்டும் கடைசி வரைக்கும் அதுக்கு ஞாபகம் இருந்துச்சு. மாப்பிள்ளை முகம் எப்ப பாத்தேன்னு ஞாபகம் இல்லைன்னு சிரிக்கும்.

ஒரு விசயத்துல அப்பாயி கொடுத்து வச்சது. கட்டினது கூறைப்புடவை. மாயவரத்துல கூறைநாடுன்னு இருக்கே, அங்க நெய்ஞ்ச கட்டம் போட்ட புடவை. பட்டும் பருத்தியும் கலந்தது. வேர்வையை உறிஞ்சும், உடம்புல கனக்காது. அந்த ஊர்ப் பேரே எங்க பக்கம் கல்யாணப் புடவைக்குப் பேராயிடுச்சு. இப்பவும் "கூறை எடுக்கப் போறோம்"னுதான் சொல்றோம், எடுக்கிறது காஞ்சிபுரம் பட்டு. ஜரிகை கூடக் கூட கௌரவமும் கூடும், எடையும் கூடும். அதுக்கு மேல ஒட்டியாணம். ஒட்டியாணத்தைப் போட்டுக்கிட்டு வயிறு நிறையச் சாப்பிட்ட பொண்ணை நான் பாத்ததில்லை.

சுருக்கமான கல்யாணம்னு ஒண்ணு வந்தது சுயமரியாதைக்காரங்களால. 1920-கள் கடைசியிலயே பெரியார் ஆளுங்க நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. சட்டப்படி செல்லும்னு ஆனது அண்ணா முதலமைச்சரா வந்தப்பறம். 1967-ல சட்டசபையில நிறைவேறி, அடுத்த வருசம் நடைமுறைக்கு வந்துச்சு. புகை கிடையாது, விரதம் கிடையாது, மாலை மாத்தினா முடிஞ்சுது. அவங்க பேசினது சாதி ஒழிப்பும் பெண்ணுரிமையும்தான், உடம்பு சுகத்தை நினைச்சு யாரும் செய்யல. ஆனா கண் எரியாம, பசியில சுருண்டு உட்காராம நடந்த கல்யாணம் அதுதான். ஒரே குறை, வாழ்த்துரை. வந்த தலைவர்கள் எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளை அசையாம உட்கார்ந்திருக்கணும்.

அப்பறம் எண்பதுகள்ல எங்க பக்கத்துச் சின்ன டவுனுக்கெல்லாம் கல்யாண மண்டபம் வந்துச்சு. குறை சொல்ல மாட்டேன். பொண்ணுக்குன்னு தாழ்ப்பாள் போட்ட அறை, அதுக்குள்ளேயே கக்கூஸ், தலைக்கு மேல ஃபேன். எங்க அப்பாயி காலத்துப் பொம்பளைங்க பாதிக் கஷ்டம் அந்த ஒரு கதவால தீர்ந்துச்சு. பழைய கல்யாணத்தை நினைச்சு உருகுற நகரத்து நண்பர்கள் இதை மறந்துடாதீங்க.

ஆனா மண்டபத்தோட வீடியோவும் வந்துச்சு. நேரா மூஞ்சியில அடிக்கிற லைட், பக்கத்துல நின்னாலே அடுப்பங்கரை மாதிரி. அதோட வரவேற்பு. அதுவரைக்கும் எத்தனை நாள் சடங்கா இருந்தாலும் பொண்ணு மாப்பிள்ளை மணையில உட்கார்ந்துதான் இருந்தாங்க. வரவேற்புதான் அவங்களை நிக்க வச்சுது. ராத்திரி மூணு மணி நேரம், நாலு மணி நேரம் நின்னுட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்கு விடியக்காலை ரெண்டு மணிக்கே எழுந்து அலங்காரம். வெயிலுக்கு முந்தி முடிக்கத் தோதா இருந்த நேரம், இப்ப தூக்கத்தைத் திங்கிற நேரமா ஆயிடுச்சு.

போன தையில என் தம்பி மக கல்யாணம். வரவேற்புல நிக்க மாட்டேன், உட்கார்ந்துதான் இருப்பேன்னு முன்னாடியே சொல்லிட்டா. போட்டோக்காரர் ஃப்ரேம் நல்லா வராதுன்னார். பெரியவங்க ரெண்டு பேர் மரியாதை இல்லைன்னு முணுமுணுத்தாங்க. அவ அசையல. எட்டரை மணி வாக்குல என் வீட்டுக்காரி ஒரு சொம்பு நீர்மோரை எடுத்துட்டு மேடை ஏறினா. மொய்க்கவரோட வரிசையில நின்ன அம்பது பேரும் பாத்துக்கிட்டு இருக்க, மாப்பிள்ளை சொம்பை வாங்கி முதல்ல அவகிட்ட கொடுத்தார். அவ நிதானமா குடிச்சா. அந்த வீடியோக்காரர் மட்டும் அதை எடுக்காம கேமராவை இறக்கிட்டார்.