அடுத்த வீட்டு வாசல்

தன் வீட்டைப் பளிச்சென்று பெருக்கி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிடும் மனிதர்கள் எல்லாத் தெருக்களிலும் உண்டு. சர்க்கார்களும் சில சமயம் அப்படிச் செய்வதுண்டு. இங்கிலாந்தின் மின்சார நிலையங்கள் கக்கிய புகையின் சரித்திரம் இதற்கு நல்ல சாட்சி.

லண்டனில் தேம்ஸ் நதிக் கரையில் பாட்டர்ஸீ என்னும் இடத்தில் பெரியதொரு மின்சார நிலையம் வரப்போகிறது என்றதும், 1929-இல் பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிவிடும். மாளிகைகளின் கல்லும் சித்திரசாலையின் ஓவியங்களும் என்ன கதிக்கு ஆளாகும் என்று கேட்டார்கள். கந்தகத்தை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே அனுமதி கிடைத்தது. 1933-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தில், தேம்ஸ் நீரும் சுண்ணாம்பும் கொண்டு புகையைக் குளிப்பாட்டினார்கள். கந்தகத்தில் பெரும் பகுதி நீங்கியது. ஆனால் கழுவிய நீர் நதிக்கே போயிற்று. குளிர்ந்துபோன புகையோ மேலே எழும்பாமல் அக்கம்பக்கத்திலேயே இறங்கியது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைப்பனி மூடியது. சுமார் 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டார்கள். 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சி. அதன் விளைவாக 1956-இல் பிறந்த சுத்தக் காற்றுச் சட்டம் வீட்டு அடுப்புகளின் கரும்புகையை அடக்கியது. கண்ணுக்குத் தெரியாத கந்தக வாயுவுக்கோ உயரமான புகைபோக்கியே மருந்து என்றார்கள் அதிகாரிகள். மிக உயரத்தில் விட்டால் காற்று கலைத்துவிடும் அல்லவா? டிராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர் உயர்ந்தது. உள்ளூர்க் காற்றும் தெளிந்தது.

ஆனால் காற்றுக்கு நாட்டின் எல்லை தெரியுமா? 1967-இல் ஸ்வாந்தே ஓடென் என்ற ஸ்வீடிஷ் விஞ்ஞானி, தம் நாட்டில் பெய்யும் மழை அமிலமாகி வருவதையும், அதற்கு வெளிநாட்டுப் புகை காரணம் என்பதையும் பத்திரிகையில் எழுதினார். ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஏரிகளில் மீன் அற்றுப்போயிற்று. கந்தகத்தை 30 சதவீதம் குறைப்பதென 1985-இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் ஒப்பந்தம் செய்தன. பிரிட்டன் கையெழுத்திடவில்லை. 1988-இல் ஐரோப்பிய சமூகம் கட்டளை பிறப்பித்தது. அதன் பிறகுதான் டிராக்ஸில் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு புகையைக் கழுவும் சாதனம் வந்தது. 1933-இல் கைவந்த வித்தையைத் திரும்பப் பிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! கடைசி நிலக்கரி நிலையத்தை பிரிட்டன் 2024 செப்டம்பர் 30-இல் மூடியது.

நம் நாட்டிலும் 2015-இல் கந்தக வாயுவுக்கு வரம்பு விதித்து, இரண்டு ஆண்டு கெடு வைத்தார்கள். கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. புகைபோக்கியின் உயரம் மட்டும் விதிப்படி இருந்தால் போதுமாம். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் உயரமான புகைபோக்கி கந்தகத்தை அழிப்பதில்லை. அது விழும் ஊரைத்தான் மாற்றுகிறது. அந்த ஊரிலும் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள்.