பேரூர் நாடு, பேரூர் தாலுகா, பேரூர் வட்டம்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூரில் ஒருவருக்குப் பட்டா மாற்ற வேண்டியிருந்தாலும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வேண்டியிருந்தாலும், "தாலுக்கா ஆபீசுக்குப் போகோணும்" என்பார். அவர் போய்ச் சேரும் பேரூர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது வட்டாட்சியர் அலுவலகம். அதே பேரூரில், பட்டீசுவரர் கோயில் சுவர்க் கல்வெட்டுகள் இந்தப் பகுதியைப் பேரூர் நாடு என்கின்றன. நாடு, தாலுகா, வட்டம் என ஒரே மண்ணுக்கு மூன்று பெயர்கள். ஏர் பிடித்தவர்கள் வைத்தது முதல் பெயர். வரி தண்டியவர்கள் வைத்தது இரண்டாவது. மூன்றாவது, அந்த இரண்டாவதன் தமிழாக்கம். இந்த மூன்று சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து போனால், நொய்யல் ஆற்றங்கரையின் வரலாறே கிடைக்கிறது.

நாடும் காடும்

நாடு என்ற சொல்லின் பழைய பொருளை அறிய, அதன் எதிர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். எதிர்ச்சொல் காடு. மனிதர் திருத்திப் பயிரிட்டுக் குடியிருக்கும் நிலம் நாடு. திருத்தப்படாதது காடு. காட்டை வெட்டி நாடாக்குவது என்பது பழந்தமிழ் ஆட்சியின் பெரும்பணியாகக் கருதப்பட்டது. இன்றும் நாட்டுக்கோழி, நாட்டு மாடு, நாட்டுச் சர்க்கரை என்று நாம் சொல்லும்போது, அந்தச் சொல்லில் நம் மண்ணோடு ஒட்டி வளர்ந்தது என்ற பொருள் உயிரோடு இருக்கிறது.

தொண்டாமுத்தூர்ப் பகுதியில் இந்தப் பிரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்கே வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும் சுவராக நிற்கின்றன. மலைச்சரிவில் பெரியாறு, சின்னாறு முதலிய ஓடைகள் கூடி நொய்யலாகிக் கிழக்கே இறங்குகின்றன. புராணங்கள் இதைக் காஞ்சிமாநதி என்கின்றன. கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்து நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது இந்த ஆறு. மலையடியில் சாடிவயல், முள்ளாங்காடு என்று காட்டையும் வயலையும் பெயரிலேயே வைத்திருக்கும் குடியிருப்புகள். இருளர் வாழும் சிற்றூர்களுக்குப் பதி என்று பெயர். அதற்குக் கிழக்கே பாக்கும் தென்னையும் வாழையும், சின்ன வெங்காயமும் தக்காளியும் மஞ்சளும் விளையும் தோட்டங்கள். மலைக்காடு முடிந்து தோட்டம் தொடங்கும் விளிம்புதான் இங்கே நாட்டின் மேற்கெல்லை. யானை இறங்கும்போதெல்லாம் அந்த எல்லை இன்னும் தீராத வழக்காகவே இருக்கிறது.

கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்களின் தொகுதி. சோழர் காலத்தில் ஊருக்கு மேலே நாடு, நாட்டுக்கு மேலே மண்டலம். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகவும், கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகவும் எண்ணுவது பின்னாளில் மரபாயிற்று. பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொன்கலூர் நாடு, ஆனைமலை நாடு என்று அந்தப் பட்டியல் நீளும். கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் அந்த 24 நாடுகளின் பெருமை பாடும் நூல். அந்தப் பட்டியல் நிலைபெறும் முன்பே, கல்வெட்டுகளில் பேரூர் நாடு தனியாக வந்துவிடுகிறது. இன்றைய கோயம்புத்தூருக்கு மூலமான கோவன்புத்தூரும் அந்த நாட்டுக்குள் இருந்த ஓர் ஊர்தான். இன்று நகரம் பெரிது, பேரூர் அதன் ஓரம். அன்று பேரூர் தலை, கோவன்புத்தூர் அதன் கிளை.

நாட்டுக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்துக்கு நாட்டார் என்று பெயர். நிலத்தைக் காணியாகக் கொண்டவர்கள் கூடி முடிவெடுத்தார்கள், கொடைக்குச் சாட்சி நின்றார்கள், வரியைத் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாக் குடிகளுக்கும் சம இடம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் இல்லாதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. ஆயினும், நிலத்தின் பெயரும் அந்த நிலத்துக்காகப் பேசியவர்களின் பெயரும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை என்பது சிறிய செய்தியன்று.

அந்த நாட்டைக் கட்டி வைத்தது தண்ணீர். பேரூர்க் கல்வெட்டு ஒன்று நொய்யலில் தேவிசிறை என்ற அணை எழுப்பக் கொங்குச் சோழர் இசைவு தந்ததைச் சொல்கிறது. முன்பே இருந்த கோளூர் அணைக்குக் கேடு வரக்கூடாது என்பது அதில் உள்ள கட்டுப்பாடு. மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தால்தான் இப்படி ஒரு விதி எழுத முடியும். இன்றும் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு நகரம் வரை போகிறது.

தொங்குவதும் பற்றுவதும்

தாலுகா என்ற சொல் அரபியில் பிறந்தது. அதன் வேருக்குத் தொங்குதல், ஒட்டிக்கொள்ளுதல் என்று பொருள். தஅல்லுக் என்றால் சார்பு, தொடர்பு. உருதுவில் இன்றும் அது உறவைக் குறிக்கும் அன்றாடச் சொல். பாரசீக அரசாட்சி மொழிக்குள் வந்தபோது, ஒருவருக்குச் சார்ந்த நிலம், ஒரு தலைமை இடத்தோடு ஒட்டிய நிலம் என்று பொருள் குறுகியது. ஜில்லா, பிர்கா, கஸ்பா, தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அதே கூட்டத்துச் சொற்கள். ஜில்லாவின் அரபி மூலத்துக்கு விலா எலும்பு, பக்கம் என்று பொருள். பிர்கா என்றால் பிரிவு. தாசில் என்றால் வசூல், அதைச் செய்பவர் தாசில்தார்.

கொங்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சிறிது சிறிதாக மைசூர் ஆட்சிக்குள் போயிற்று. ஹைதரும் திப்புவும் ஆண்டபோது வருவாய்க் கணக்கில் பாரசீகச் சொற்கள் வேரூன்றின. தொண்டாமுத்தூர் அருகே ஜாகீர்நாயக்கன்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜாகீர் பாரசீகம், நாயக்கன் விஜயநகர ஆட்சியின் எச்சம், பாளையம் அந்தக் காலத்துப் படைக் குடியிருப்பு. இரண்டு அடுக்கு ஆட்சி வரலாறு ஓர் ஊர்ப் பெயரில் அடங்கிவிட்டது. இன்னும் கிழக்கே உள்ள வீரகேரளம் அவற்றுக்கெல்லாம் முந்திய ஆட்சியாளர்களை நினைவூட்டும் பெயர்.

1799இல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதலில் பவானியும் தாராபுரமும் தலைமையிடங்களாக இரு பிரிவுகள் இருந்தன. 1804இல் அவை இணைந்து கோயம்புத்தூர் ஜில்லா உருவானது. நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை நிலைத்தது. அதற்கு வேண்டிய அலகு தாலுகா. ஆங்கிலேய அதிகாரி எஃப். ஏ. நிக்கல்சன் 1887இல் கோயம்புத்தூர் ஜில்லாவைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அந்தக் காலத்து ஜில்லாவில் கோயம்புத்தூர், பல்லடம், ஈரோடு, பவானி, சத்தியமங்கலம், தாராபுரம், கரூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கொள்ளேகால் என்று 10 தாலுகாக்கள். தொண்டாமுத்தூரும் பேரூரும் கோயம்புத்தூர் தாலுகாவின் மேற்கு ஓரத்துக் கிராமங்களாயின. தலை மாறிவிட்டது. கிளை தலையாயிற்று, தலை கிளையில் தொங்கத் தொடங்கிற்று.

இங்கேதான் சொல்லின் மூலப்பொருள் வரலாற்றை விளக்குகிறது. நாடு தன் நீரையும் தன் மக்களையும் வைத்துத் தன்னைச் சொல்லிக்கொண்டது. தாலுகா தன்னைச் சொல்ல இன்னொரு இடத்தைக் காட்ட வேண்டும்: இது எதைச் சார்ந்தது, எந்தக் கச்சேரிக்குப் பணம் கட்டுகிறது? தாலுகாவுக்குத் தாசில்தார் உண்டு, தாலுகார் என்ற மக்கள் கூட்டம் இல்லை. ஒரு காலத்தில் 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி தாலுகா போர்டு என்ற உள்ளாட்சி அமைப்பு வந்தது. சாலை, பள்ளி, மருந்தகம் என்று சில வேலைகளைப் பார்த்தது. 1934இல் அதுவும் ஒழிந்தது.

ஈழத் தமிழரிடம் தாலுகா இல்லை. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என்று நிலப்பிரிவுகள் பற்று என்ற சொல்லைத் தாங்கி நிற்கின்றன. பற்று என்றாலும் ஒட்டிக்கொள்வதுதான். அரபிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தனித்தனியே ஒரே பொருளில் வந்து நிற்கின்றன. ஆனால் தமிழில் பற்று என்பது அன்பும் ஆகும். அந்தச் சொல்லைச் சூடிய நிலம் அலுவலகத்தின் வாலாகத் தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் கவுண்டி என்ற சொல்லையும் இங்கே ஒப்பிடலாம். இலத்தீனில் கோமெஸ் என்றால் உடன் செல்பவன், அரசனின் துணைவன். அவனுடைய ஆட்சிப் பகுதிக்கான பெயர் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது, அங்கிருந்து கடல் கடந்தது. பிறப்பில் அதுவும் மேலிருந்து இறங்கிய சொல்தான். ஆனால் அமெரிக்க மண்ணில் அது உள்ளூர் ஆட்சியின் பெயராக மாறிவிட்டது. அங்கே 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஷெரிஃப் உட்படப் பல அதிகாரிகளை மக்கள் வாக்களித்துத் தேர்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்து லவிங் கவுண்டியில் 1940இல் 285 பேர் இருந்தார்கள், 2020 கணக்கில் 64 பேர். அந்த 64 பேருக்கும் தனி நீதிமன்றக் கட்டடம் உண்டு, தேர்ந்தெடுத்த அலுவலர்கள் உண்டு, பல பத்தாண்டுகளின் மக்கள்தொகை வரிசை உண்டு. சொல் எங்கே பிறந்தாலும், மக்கள் அதைத் தமதாக்கிக்கொள்ள வழி இருந்தால் பொருள் மாறும்.

வட்டம், வட்டாரம், ஒன்றியம்

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆட்சிச் சொற்கள் தமிழாயின. தாலுகா வட்டம் ஆயிற்று, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஜில்லா மாவட்டம் ஆயிற்று, பிர்கா குறுவட்டமாகவும் உள்வட்டமாகவும் எழுதப்பட்டது. வருவாய் டிவிஷனுக்குத் தொண்டை மண்டலத்தின் பழஞ்சொல்லான கோட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அரபியும் பாரசீகமும் தமக்குள் தொடர்பில்லாத தனித்தனி வேர்களால் சொன்னதை, தமிழ் வட்டம் என்ற ஒரே வேரில் அழகாக அடுக்கியது. சுத்துவட்டாரம் என்று கொங்கில் பேசுவோர்க்கு அது அந்நியமாகவும் இல்லை. இந்தப் பணியைச் செய்த தமிழறிஞர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

நாடு என்ற சொல் ஏன் திரும்பி வரவில்லை? அது அதற்குள் பெருத்துவிட்டது. தேசத்தையும் மாநிலத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு. ஒரு சொல் அவ்வளவு உயரம் போனபின், அதைச் சில ஊர்களின் தொகுதிக்கு மறுபடி இறக்க முடியாது. பேரூர் நாடு தமிழ்நாட்டுக்குள் கரைந்துபோனதில் எனக்கு வருத்தம் இல்லை. நாட்டார் கரைந்துபோன இடம் வெற்றாக நிற்பதில்தான் வருத்தம்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு முயற்சி நடந்தது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி 1960 அக்டோபர் 2 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைந்தன. தொண்டாமுத்தூர் ஓர் ஒன்றியத்தின் தலைமையிடம் ஆயிற்று. ஊரார் அதை யூனியன் ஆபீஸ் என்பார்கள். அங்கே இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர், பேரூரில் இருப்பவர் வட்டாட்சியர். வட்டம், வட்டாரம்: சொல்லில் ஓர் அசைதான் வேறுபாடு, அதிகாரத்தில் இரண்டும் வேறு உலகம். பட்டா, சிட்டா, அடங்கல் பேரூர் பக்கம். குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை ஒன்றியத்தின் பக்கம். தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, பூலுவப்பட்டி, தென்கரை, தாளியூர், வேடபட்டி ஆகியவை பேரூராட்சிகள், ஒன்றியத்துக்கு வெளியே. வடவள்ளியும் வீரகேரளமும் 2011இல் கோவை மாநகராட்சிக்குள் போயின. மலைப்பக்கம் வனத்துறையின் போளுவாம்பட்டிச் சரகம். நொய்யல் ஒரே ஆறு. அதன் கரையில் இத்தனை எல்லைகள், இத்தனை அலுவலகங்கள். சித்திரைச்சாவடி வாய்க்காலில் கழிவு கலந்தால் எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் போய் நிற்பது என்று ஒரு விவசாயி கேட்டால், நேரான விடை கிடையாது.

எண்ணப்படும் நிலம்

2010களில் கோவை வட்டங்கள் பிரிக்கப்பட்டபோது பேரூர் வட்டம் பிறந்தது. கோயம்புத்தூருக்குக் கீழே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்த பேரூர், தன் பெயரால் ஓர் அலகுக்கு மீண்டும் தலையாயிற்று. வருவாய்த் துறை இதை வேலைப்பளுவைப் பகிர்வதற்காகச் செய்திருக்கலாம். விளைவு வேறு வகையிலும் பெரியது. நொய்யலின் தலைமடைப் பகுதிக்கு இப்போது மறுபடி ஒரு பெயர் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் 34,58,045 பேர். ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரம் பெண்கள். நான்கில் மூவர் நகரவாசிகள். பேரூர் வட்டத்துக்கு அந்தக் கணக்கில் தனி வரிசை இல்லை, அப்போது அந்த வட்டமே இல்லை. மாவட்டத்தின் எல்லையும் நிலையாக இருந்ததில்லை: நீலகிரி 1868இல் பிரிந்தது, கரூர் 1910இல் திருச்சிக்குப் போனது, கொள்ளேகால் 1956இல் மைசூருக்குப் போனது. ஈரோடு 1979இல், திருப்பூர் 2009இல் தனி மாவட்டங்களாயின. எல்லை மாறும்போதெல்லாம் மக்கள்தொகையின் பழைய வரிசை அறுகிறது. எத்தனை பேர் தோட்டத்தை விற்று நகரம் போனார்கள், எத்தனை பதிகளில் ஆள் குறைந்தது என்ற கேள்விகளுக்கு மாவட்டக் கூட்டுத்தொகை விடை சொல்லாது.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கும் கணக்கெடுப்பில் பேரூர் வட்டம் தன் பெயரில் முதன்முதலாக எண்ணப்படும். அந்த எண்கள் வந்ததும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். தொண்டாமுத்தூர் ஒன்றியமும் பேரூராட்சிகளும் வனத்துறையும் நீர்வளத்துறையும் வட்டாட்சியரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். சித்திரைச்சாவடியின் ஆயக்கட்டு விவசாயிகளும், பதிகளில் வாழும் இருளரும், நிலமில்லாத கூலிக்காரரும், பெண்களும் அந்த மேசையில் இடம் பெற வேண்டும். பழைய நாட்டாரின் குறையைத் திருத்திய நாட்டார் அவர்கள். ஆயக்கட்டு என்ற சொல் இன்னும் நிலத்தை நீரால் அளக்கிறது. அந்த அளவு வட்டத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். ஒரு நிலப்பகுதி தனக்காகப் பேசும் வாய் பெற்றால், அதற்கு நாடு என்று பெயர் வைத்தாலும் வட்டம் என்று வைத்தாலும் ஒன்றுதான்.