எலுமிச்சையின் புளிப்பும் புறாவின் சிறகும்

எலுமிச்சையின் புளிப்புக்கும் நம் தசைகளின் உழைப்புக்கும் நெருங்கிய உறவுண்டு. அந்த உறவு துலங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றையே நாம் இங்கு நினைவுகூர விழைகிறோம்.

1784-இல் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்லெம் ஷீலே, எலுமிச்சைச் சாற்றிலிருந்து ஓர் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பழத்தின் குலப்பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது: சிட்ரிக் அமிலம்.

1930-களில் ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, புறாவின் மார்புத் தசையை அரைத்து ஆராய்ந்தார். ஓயாது சிறகடிக்கும் அத்தசை, அரைத்த பின்னும் சிறிதுநேரம் பிராணவாயுவை வேகமாக உட்கொள்ளும். ஃபியூமாரிக் அமிலம் போன்றவற்றை இம்மியளவு சேர்த்தால் அவ்வேகம் தளராது நீடித்தது. அவை வெறும் விறகாக எரிந்துபோகவில்லை; பிறவற்றை எரியத் தூண்டின. வைட்டமின் சி ஆய்வுடன் இதனையும் சேர்த்தே 1937-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இச்சரடைத் தொடர்ந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். யூத வம்சாவளியினர் என்பதால் 1933-இல் நாஜி ஆட்சியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். கேம்பிரிட்ஜில் அடைக்கலம் பெற்று, 1935-இல் ஷெஃபீல்டு சென்றார். அங்கு மாணவர் வில்லியம் ஆர்தர் ஜான்சனுடன், அதே புறாத் தசையில் சிட்ரேட்டைச் சேர்த்துப் பார்த்தார். சேர்த்த சிட்ரேட் முழுவதும் எரிந்தாலும் அத்தனை பிராணவாயு செலவாகாது, ஆனால் செலவாயிற்று. மேலும், ஆக்சலோஅசிட்டிக் அமிலத்தைச் சேர்த்தபோது தசையிலேயே சிட்ரேட் புதிதாக உருவாயிற்று. ஆகவே சிட்ரேட் சிதைந்து, படிப்படியாக உருமாறி, மீண்டும் சிட்ரேட்டாகவே பிறக்கிறது. உணவின் எச்சம் எரிந்து ஆற்றலாகும் பாதை நேர்கோடன்று, வட்டம்.

1937 ஜூனில் 'நேச்சர்' இதழுக்கு இதை அவர் கடிதமாக அனுப்பினார். ஏழெட்டு வாரங்களுக்கான கடிதங்கள் ஏற்கெனவே குவிந்திருப்பதாகக் கூறி இதழ் அதைத் திருப்பியனுப்பியது. கட்டுரை 'என்சைமோலோஜியா' என்ற இதழில் வெளிவந்தது. 1953-இல் ஃபிரிட்ஸ் லிப்மனுடன் கிரெப்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பணி பறிக்கப்பட்ட ஒருவரின் பெயரை இன்று உலகெங்கும் மாணவர்கள் 'கிரெப்ஸ் சுழற்சி' என்று படிக்கிறார்கள்.

அவ்வாறாயின் எலுமிச்சைச் சாறு பருகினால் தசை வலுப்பெறுமா? இவ்வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுழற்சிக்கு வேண்டிய சிட்ரேட்டை நம் செல்கள் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அதற்கு அவை பழத்தை எதிர்பார்த்திருப்பதில்லை. சிட்ரேட் மிகுந்தால் சர்க்கரையை உடைக்கும் நொதியொன்று வேகம் தணிகிறது. அடுப்பைத் தணிக்கும் கையும் அதுவே. கடலோடிகளை ஸ்கர்வி நோயிலிருந்து எலுமிச்சை காத்தது மெய்தான். ஆனால் அது வைட்டமின் சி செய்த வேலை.

பழத்திற்கே உரியதென்று பெயரிட்ட பொருள், நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கையிலும் நம் தசைக்குள் பிறந்து மறைந்து கொண்டிருக்கிறது. அதைக் காட்டித்தந்தது ஒரு புறாவின் சிறகுத் தசை.